திருவிழாப் பந்தலில் 500 டம்ளர் எலுமிச்சைச் சாறு: முதல்முறை ஊற்றுகிறவர்களுக்கு

வீட்டில் நான்கு பேருக்கு எலுமிச்சைச் சாறு கலக்கத் தெரிந்தால் நானூறு பேருக்கும் கலந்துவிடலாம் என்றுதான் நாங்களும் நினைத்தோம். மதுரைச் சித்திரைத் திருவிழாவில், நகருக்கு வரும் அழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை நாளில், புதூர்ப் பக்கம் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து பந்தல் போட்டோம். முதல் அண்டா கசந்தது. இரண்டாவது அண்டாவில் உலோக வாடை அடித்தது. மூன்றாவதுதான் குடிக்கும்படி இருந்தது. அதற்குள் ஐஸ் தீர்ந்துபோனது. கைக்குழந்தையோடு வந்த ஓர் அம்மாள் ஒரு வாய் குடித்தார். எங்கள் மனம் நோகக் கூடாது என்று முகம் சுளிக்காமல் டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு நடந்தார். வெயிலில் நான்கு மைல் நடந்து வந்தவருக்குக் குடிக்க முடியாத ஒன்றைக் கொடுத்துவிட்டோமே என்று அன்று இரவு தூக்கமே வரவில்லை.

அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒவ்வொரு தவறாகத் திருத்திக்கொண்டோம். இஞ்சியும் சீரகமும் மிளகும் இறங்கிய, உப்பும் இனிப்பும் கலந்த இந்தச் சாற்றை 500 பேருக்கு எப்படிக் கலப்பது, எந்தக் காகிதம் வேண்டும், எவ்வளவு ஆகும், எதை எப்போது தொடங்க வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். கணக்கு முழுவதும் 200 மில்லி டம்ளர் 500, அதாவது 100 லிட்டர்.

1. பதிவுச் சான்று: 15 நாட்களுக்கு முன்பே தொடங்குங்கள்

இலவசமாகத்தானே கொடுக்கிறோம், இதற்கு எதற்கு அனுமதி என்று கேட்காதீர்கள். திருவிழாவில் அன்னதானமோ நீர்மோரோ பானகமோ, பொதுமக்களுக்கு எதைக் கொடுத்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யச் சொல்கிறார்கள். இதை மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ‘ஃபாஸ்காஸ்’ என்ற இணையதளத்தில் நாமே செய்யலாம். சிறிய அளவில் செய்பவர்களுக்கு உரியது ‘படிவம் ஏ’. ஒருவருடைய பெயரில் எடுத்தால் போதும். அவருடைய ஆதார், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், ஓ.டி.பி. வரும் கைபேசி எண், சாறு கலக்கப்போகும் இடத்தின் முகவரிச் சான்று ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் எடுத்தபோது கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்.

இங்கே இரண்டு குழிகள் இருக்கின்றன. முதலாவது, இணையத்தில் தேடினால் அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டும் தனியார் தளங்கள் முன்னால் வந்து நிற்கும். அப்படி ஒன்றில் 1,500 ரூபாய் கட்டி ஏமாந்தோம். இணைய முகவரியின் முடிவில் ‘கவ் டாட் இன்’ (gov.in) இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கணினி பழக்கமில்லை என்றால் இ-சேவை மையத்துக்குப் போகலாம். ஆனால் விண்ணப்பக் கட்டணம் எவ்வளவு, அவர்களுடைய சேவைக் கட்டணம் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு ரசீது வாங்குங்கள்.

இரண்டாவது, நாள் கணக்கு. விண்ணப்பத்தின் மீது 7 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. இடத்தைப் பார்வையிட வேண்டும் என்று முடிவெடுத்தால் இன்னும் நீளும். கொடியேறிய பிறகு விண்ணப்பித்தால் நெருக்கடிதான். சான்று வந்ததும் அச்செடுத்துப் பந்தல் கம்பத்தில் கட்டிவிடுங்கள். அலுவலர் வந்தால் தேடி ஓட வேண்டியதில்லை.

2. பந்தல் இடம், டம்ளர்

சாலையோரம் என்றால் உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் இடம், நாள், நேரம், பொறுப்பாளரின் கைபேசி எண் ஆகியவற்றை எழுதிக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். தனியார் வாசல் என்றால் வீட்டுக்காரரின் ஒப்புதலையும் எழுத்தில் வாங்குவது நல்லது. கடித நகலும் பதிவுச் சான்றும் ஒரே உறையில் இருக்கட்டும்.

டம்ளர் விஷயத்தில் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. பிளாஸ்டிக் கப் மட்டும்தான் தடை, பேப்பர் கப் பரவாயில்லை என்று கடைக்காரரே சொல்வார். நம்பாதீர்கள். உள்ளே பிளாஸ்டிக் பூச்சு உள்ள பேப்பர் கப்பும் அந்தத் தடைப் பட்டியலில் இருக்கிறது. எவர்சில்வர் டம்ளர் 100 வாடகைக்கு எடுத்து, கழுவுவதற்கென்றே இரண்டு பேரை நிறுத்துவதுதான் எங்களுக்குச் சரியாக வந்தது. கழுவ ஒரு டிரம், அலச ஒரு டிரம். அலசும் தண்ணீரை அரைமணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

3. பாத்திரம்: பித்தளை அண்டா வேண்டாம்

எங்கள் இரண்டாவது அண்டா கெட்டது இதனால்தான். வாடகைக் கடையில் பெரிய பித்தளை அண்டா பளபளவென்று இருந்தது, ஆசையாக எடுத்து வந்துவிட்டோம். உள்ளே ஈயப்பூச்சு தேய்ந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. எலுமிச்சையின் புளிப்பு பித்தளையை, செம்பை, அலுமினியத்தை அரிக்கும். ஒரு மணிநேரத்தில் சாற்றில் உலோகச் சுவை ஏறிவிட்டது. அதைக் கீழே கொட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. அப்படி ஆனால் நீங்களும் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

எவர்சில்வர் டிரம், குழாய் வைத்தது, 25 லிட்டர் பிடிப்பதாக மூன்று போதும். நீல நிற பிளாஸ்டிக் டிரம்மை யாராவது இலவசமாகக் கொடுக்க முன்வந்தால், அதில் முன்பு என்ன இருந்தது என்பது உங்களுக்குத் தெரியாது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதைப் பாத்திரம் கழுவக்கூட எடுக்க வேண்டாம்.

மண்பானை வைக்க விரும்பினால் வையுங்கள், ஆனால் வெறும் தண்ணீருக்கு மட்டும். விளாச்சேரியிலோ மானாமதுரையிலோ வாங்கிய புதுப்பானையை இரண்டு நாள் தண்ணீர் நிரப்பி, மாற்றி மாற்றி ஊற்றிப் பழக்க வேண்டும். சாற்றை அதில் ஊற்றினால் பானை உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த நாள் பானையே புளித்த வாடை வீசும்.

4. எலுமிச்சம்பழம்: செலவில் பாதிக்கு மேல் இதுதான்

500 டம்ளருக்கு 400 பழம் கணக்கு. நடுத்தரப் பழம் 45 கிராம் இருக்கும், சாறு 15 முதல் 20 மில்லி வரும். 400 பழம் ஏறக்குறைய 18 கிலோ; எங்களுக்குக் கிடைத்த சாறு ஆறரை லிட்டர்.

சித்திரை மாதத்தில் எலுமிச்சை விலை ஏறித்தான் இருக்கும். தெருக்கடையில் ஒரு பழம் என்ன விலையோ, மாட்டுத்தாவணிச் சந்தையில் கிலோவாக வாங்கினால் அதைவிட நன்றாகவே குறையும். விடியற்காலையில் போங்கள். விலை கேட்பதற்கு முன் இரண்டு பழம் கேட்டு வாங்கி, அங்கேயே நறுக்கிப் பிழிந்து பாருங்கள். நல்ல வியாபாரி கோபித்துக்கொள்ள மாட்டார். தோல் மெல்லியதாக, வழவழப்பாக, மஞ்சள் ஏறி, கையில் கனமாக இருக்க வேண்டும். கரும்பச்சையாக, சொரசொரப்பாக, பெரிதாக இருக்கும் பழத்தில் தோல்தான் மிச்சம்.

வாங்க வேண்டியது முதல் நாள் காலை. மூன்று நாள் முன்பே வாங்கி மூட்டையில் கட்டி வைத்தால் அடியில் இருப்பவை நசுங்கிப் பூஞ்சை பிடிக்கும். திருவிழா நாளன்று வாங்கிக்கொள்ளலாம் என்றும் விட்டுவிடாதீர்கள்: போக்குவரத்தை மாற்றி விடுவார்கள், வண்டி உள்ளே வராது. ஐஸ் வண்டி எங்களுக்கு அப்படித்தான் பாதி வழியில் நின்றது. பழத்தை வாங்கி வந்ததும் மூட்டையைப் பிரித்து, கழுவி, ஈரம் உலரச் சாக்கில் பரப்பி வையுங்கள்.

5. மசாலாப் பாகு: முதல் நாள் இரவு

மசாலாப் பொடியை நேராகச் சாற்றில் தூவுவது பெரும்பாலானோர் செய்யும் தவறு. சீரகப் பொடி மேலே மிதக்கும், மிளகுப் பொடி அடியில் தங்கும். முதல் நூறு பேருக்குச் சீரகம், கடைசி நூறு பேருக்குத் தொண்டை எரிச்சல். பாகில் இறக்கி வடிகட்டிவிட்டால் எல்லா டம்ளரும் ஒன்றுபோல இருக்கும்.

100 லிட்டருக்கு எங்கள் அளவு: சர்க்கரை 10 கிலோ, இஞ்சி ஒன்றேகால் கிலோ, சீரகம் 200 கிராம், மிளகு 50 கிராம், ஏலக்காய் 25 கிராம். சாமான்களைக் கீழமாசி வீதிப் பலசரக்குக் கடைகளில் வாங்கினோம். சீரகத்தை வெறும் வாணலியில் மணம் வரும்வரை வறுங்கள். கறுத்தால் கசப்பு வந்துவிடும், அந்த ஈடு போனதுதான். மிளகையும் ஏலக்காயையும் வறுக்க வேண்டாம். மூன்றையும் ஒன்றிரண்டாகப் பொடித்து மல் துணியில் தளர்வாக மூட்டை கட்டுங்கள்.

இஞ்சியைத் தோல் சீவி, தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்து, அரைமணிநேரம் அசையாமல் வையுங்கள். அடியில் வெள்ளையாக மாவு தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாவிட்டால் டம்ளரின் அடியில் வண்டல் நிற்கும்.

6 லிட்டர் தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்துக் கொதிக்க வைத்து, மூட்டையைப் போட்டு ஐந்து நிமிடம் கொதித்ததும் இஞ்சித் தெளிவை ஊற்றி ஒரு கொதி விட்டு இறக்குங்கள். கம்பிப் பதமெல்லாம் வேண்டாம். மூடி போட்டு இரவு முழுவதும் அப்படியே விட்டால் காலையில் மசாலா முழுவதும் இறங்கியிருக்கும். மூட்டையை எடுத்துவிட்டு, வடிகட்டி, ஐந்து சம பங்காகப் பிரியுங்கள். ஒரு பங்கு இரண்டரை லிட்டர் போல வரும்.

சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போட்டுக் கோயில் பானகம் போலச் செய்ய ஆசைப்பட்டால், வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கவிட்டு, கட்டாயம் துணியில் வடிகட்டுங்கள். மண்ணும் கரும்புச் சக்கையும் இருக்கும். அதற்குச் சீரகமும் மிளகும் பொருந்தாது. சுக்கும் ஏலக்காயும் போதும், இஞ்சியும் வேண்டியதில்லை. பச்சைக் கற்பூரம் போடுகிறவர்கள் 100 லிட்டருக்கும் சேர்த்து ஒரு கடுகளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும். கோயிலில் கொளுத்தும் சூடம் வேறு, சமையலுக்கான பச்சைக் கற்பூரம் வேறு. இதை அவசரத்தில் யாரும் மாற்றிப் போட்டுவிடாதபடி ஒருவரே பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள்.

6. பிழிவது: அன்று காலை மட்டும்

எங்கள் முதல் அண்டா கசந்ததற்குக் காரணம், முதல் நாள் இரவே எல்லாப் பழத்தையும் பிழிந்து வைத்ததுதான். பிழிந்தபோது சுவை நன்றாகத்தான் இருந்தது. விடிந்ததும் கசப்பு. கொட்டையிலும் தோலின் உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியிலும் உள்ள ஒரு பொருள், சாற்றின் புளிப்போடு சேர்ந்து நேரம் ஆக ஆகக் கசப்பாக மாறுகிறது. எவ்வளவு சர்க்கரை போட்டாலும் அந்தக் கசப்பு மறையாது. நாங்கள் கூடுதலாக மூன்று கிலோ கொட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

ஆகவே காலையில் பிழியுங்கள். பழங்களை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்து, உள்ளங்கையால் பலகையில் உருட்டி, குறுக்கே நறுக்குங்கள். கையால் அழுத்தும் பிழிகருவி போதும். ஒரு மூடியை ஒருமுறை மட்டும் அழுத்துங்கள். இன்னும் கொஞ்சம் வருமே என்று இரண்டாம் முறை நசுக்கினால் வருவது தோலின் கசப்புதான். மோட்டார் வைத்த ஜூஸ் இயந்திரத்தில் முழுப் பழத்தையும் போடுவது கூடவே கூடாது, கொட்டையோடு அரைத்துவிடும். விழுகிற சாறு நேராக வடிகட்டியில் விழட்டும். சாற்றுக்குள் கொட்டை ஒரு நிமிடம்கூட ஊறக் கூடாது.

இரண்டு பேர் உட்கார்ந்தால் 400 பழம் ஒரு மணிநேரத்துக்குள் முடிந்துவிடும். நறுக்க இன்னும் ஒருவர் வேண்டும். விரலில் வெட்டுக்காயம் உள்ளவரை உட்கார வைக்காதீர்கள்.

பிழிந்தவர்கள் கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிய பிறகே வெயிலுக்கு வர வேண்டும். எலுமிச்சைத் தோலின் எண்ணெய் பட்ட கையோடு வெயிலில் நின்றால் தோல் எரிந்து, கொப்புளம் கண்டு, கறுப்புத் திட்டாகிவிடும். என் தம்பியின் புறங்கையில் அந்தத் திட்டு மறைய இரண்டு மாதம் ஆயிற்று. சாதாரண எலுமிச்சம்பழம் இப்படிச் செய்யும் என்று எங்களில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

7. கலப்பது: 20 லிட்டர், 20 லிட்டராக

நூறு லிட்டரையும் ஒரே நேரத்தில் கலக்காதீர்கள். மதுரைச் சித்திரை வெயிலில் கலந்த சாறு நெடுநேரம் தாங்காது. கலந்த இரண்டு மணிநேரத்துக்குள் ஊற்றி முடிக்கும் அளவு மட்டும் கலக்குங்கள்.

மூடி முத்திரை உடையாத 20 லிட்டர் கேன் தண்ணீர் வாங்குங்கள். கேனில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் தயாரித்த தேதியும் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு கேனிலும் பாருங்கள். ஒரு கேனிலிருந்து 16 லிட்டரை டிரம்மில் ஊற்றி, மீதி 4 லிட்டரை வெறும் தண்ணீர்ப் பானையில் சேர்த்துவிடுங்கள். டிரம்மில் பாகு ஒரு பங்கு, உப்பு 40 கிராம், கருப்பு உப்பு 15 கிராம் போட்டுக் கரைத்து, கடைசியில் எலுமிச்சைச் சாறு ஒன்றேகால் லிட்டரைச் சேருங்கள். கருப்பு உப்பின் வாடை எல்லோருக்கும் பிடிக்காது. முதல் ஆண்டு சிலர் முட்டை வாடை என்றார்கள். பிறகு பாதியாகக் குறைத்துவிட்டோம். மேலே சொன்னது குறைத்த அளவு.

குளிர்ந்த பிறகு சுவை பாருங்கள். குளிர்ச்சி இனிப்பைக் குறைத்துக் காட்டும். சூடாக இருக்கும்போது சரியாக இருந்த சாறு, குளிர்ந்ததும் சப்பென்று இருக்கும்.

புதினாவைப் பரிமாறும் நேரத்தில் கசக்கித் துணியில் கட்டி டிரம்மில் தொங்கவிடுங்கள். முன்கூட்டியே அரைத்துக் கலந்தால் எலுமிச்சைப் புளிப்பில் பழுப்பாகிவிடும். பார்க்கிறவர்கள் அழுக்குத் தண்ணீர் என்று நினைப்பார்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்காக 5 லிட்டர் மட்டும் பாகு சேர்க்காமல், உப்பும் எலுமிச்சையும் இஞ்சியும் போட்டுத் தனிக் குடத்தில் வையுங்கள். இதற்கு வேண்டிய இஞ்சித் தெளிவை முதல் நாள் இரவே ஒரு கிண்ணத்தில் எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். ‘சர்க்கரை இல்லாதது’ என்று அட்டையில் பெரிதாக எழுதுங்கள். வயதானவர்கள் கேட்கக் கூச்சப்பட்டுத் தாகத்தோடு கடந்து போவதைப் பார்த்த பிறகுதான் இதைத் தொடங்கினோம். இப்போது முதலில் தீர்வது அந்தக் குடம்தான். உப்பைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருப்பவர்களுக்கு வெறும் தண்ணீர்ப் பானை இருக்கிறது.

8. ஐஸ்: உள்ளே வேண்டாம், வெளியே வையுங்கள்

கட்டி ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்யப்பட்டது, எந்தச் சாக்கில் வந்தது, எந்தத் தரையில் இழுபட்டது என்று நமக்குத் தெரியாது. மீனுக்குப் போடுகிற ஐஸும் பார்க்க அதேபோல்தான் இருக்கும். சாற்றுக்குள் உடைத்துப் போட்டால், இவ்வளவு கவனமாக வாங்கிய கேன் தண்ணீருக்கு அர்த்தமில்லாமல் போகும். பெரிய தொட்டியில் ஐஸை உடைத்துப் போட்டு, மேலே இரண்டு கை கல்லுப்பைத் தூவி, அதன் நடுவில் மூடிய டிரம்மை இறக்குங்கள். எவர்சில்வர் சுவர் வழியாகச் சாறு முக்கால் மணிநேரத்தில் சில்லென்று ஆகிவிடும். ஐஸ் கரைந்து சாறு நீர்த்துப்போகும் தொல்லையும் இல்லை. இரண்டு கட்டி போதும். முதல் நாள் இரவே கொண்டுவரச் செய்து, உமியிலோ சணல் சாக்கிலோ சுற்றி வையுங்கள்.

9. ஊற்றும் நேரம், ஆட்கள்

எதிர்சேவைக்குக் கூட்டம் சேர்வதற்கு வெகுமுன்னரே, வெயில் ஏறும் ஒன்பது, பத்து மணிக்கே நடந்து வருபவர்களுக்குத் தாகம் தொடங்கிவிடும். ஆற்றில் இறங்கும் நாளில் தலைகீழ்: அழகர் காலையில் இறங்கிய பிறகு, திரும்பி வருகிற கூட்டத்துக்குத்தான் தேவை. உங்கள் பந்தல் எந்த நாளுக்கு, எந்தச் சாலையில் என்பதைப் பொறுத்து முதல் டிரம்மைக் கலக்கும் நேரத்தை முடிவு செய்யுங்கள்.

குறைந்தது எட்டுப் பேர் வேண்டும்: கலக்க ஒருவர், ஊற்ற இருவர், டம்ளர் கழுவ இருவர், வரிசையைப் பார்த்துக்கொள்ள ஒருவர், மாற்றாள் இருவர். கலக்கும் வேலை நாள் முழுவதும் ஒரே ஆளிடம் இருக்கட்டும். கை மாறினால் சுவை மாறும். டிரம்முக்குள் டம்ளரை விட்டு மொள்ள யாரையும் அனுமதிக்காதீர்கள். குழாய் வழியாக மட்டும்.

செலவு

நாங்கள் கடைசியாகச் செய்தபோது ஆன கணக்கு இது. எலுமிச்சை 18 கிலோ, கிலோ 120 ரூபாய் வீதம் 2,160. சர்க்கரை 450. இஞ்சி 100. சீரகம், மிளகு, ஏலக்காய் சேர்த்து 195. இரண்டு உப்பும் 45. புதினா 100. தண்ணீர் கேன் ஆறு, 240. ஐஸ் 300. டம்ளர், டிரம் வாடகை 400. பதிவுக் கட்டணம் 100. மொத்தம் 4,090 ரூபாய். டம்ளருக்கு எட்டு ரூபாய் சொச்சம். பந்தல் கீற்றும் கம்பமும் தெருவில் இருந்ததால் அதற்குச் செலவில்லை. எலுமிச்சை விலை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அதனால் கையில் இன்னொரு ஆயிரம் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போங்கள். விலை தாங்கவில்லை என்றால் டம்ளர் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சைக்குப் பதில் கடையில் விற்கும் புளிப்பு உப்பை (சிட்ரிக் அமிலம்) கலக்கச் சொல்பவர்கள் வருவார்கள். அவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம்.

மாலையில் மிஞ்சிய சாற்றை மறுநாளுக்கு எடுத்து வைக்காதீர்கள். பிழிந்த தோல் இரண்டு கூடை சேரும். அதைக் குப்பையில் கொட்டாமல், கல்லுப்புத் தொட்டுத் தெருக்கோயில் விளக்குகளையும் பித்தளைக் குடங்களையும் துலக்கக் கொடுத்துவிடுங்கள். நம் சாற்றைக் கெடுத்த அதே புளிப்பு, அங்கே பித்தளையை அரைமணிநேரத்தில் பொன்னாக்கிவிடும்.